பின்னால் கேட்கும் சத்தம்

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் மோட்டார்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் ஏற்றும் மோட்டார் எந்த வீட்டில் முரண்டு பிடித்தாலும் அவருக்குத்தான் ஆள் போகும். வந்ததும் பையைத் திறக்கமாட்டார். இடுப்பில் செருகியிருக்கும் நீளமான ஸ்குருடிரைவரை எடுத்து, அதன் நுனியை ஓடுகிற மோட்டாரின் முதுகில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். அரை நிமிடம் அப்படியே நிற்பார்.

"பின்பக்க பேரிங் தேஞ்சிருக்கு. இன்னும் ஒரு மாசம் தாங்கும். அதுக்கு மேல தாங்காது."

ஒரு மாதம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. அவருடைய காதைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவருக்கும் இருந்ததில்லை.

அவர் மனைவிக்குப் பெயர் டீச்சர். மூன்றாம் வகுப்புக்கு இருபத்தொன்பது வருடமாகப் பாடம் எடுப்பவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் ஏறி நிற்கிற குரல் அவருக்கு. சாயங்காலம் வீடு திரும்பும்போது கீழ்ப்படியில் யாரிடமாவது பேச ஆரம்பித்தால், மூன்றாவது மாடியில் மோட்டார்காரர் எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். அவரும் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். முதலில் கிண்டலுக்கு ஆரம்பித்தது, பிறகு வேறு பெயர் வாயில் வரவில்லை.

வீடியோ எடுக்கச் சொன்னது மகள். ஒரே சந்தேகத்தை ஒரே நாளில் ஐந்து பேர் போனில் கேட்க, ஐந்து பேருக்கும் அவர் பொறுமையாக ஐந்து தடவை பதில் சொன்னதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை ஒரு தடவை வீடியோவா எடுத்துப் போட்டுட்டா தொல்லை விட்டுச்சு" என்றாள். புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தாள். கூடத்து மேசையில் பிரித்துப்போட்ட மோட்டார், அதன் பின்னால் தலைவாரிச் சட்டை மாற்றிய மோட்டார்காரர், அவருக்குப் பின்னால் திறந்திருந்த சமையலறைக் கதவு. அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த வருடம் மகள் கல்யாணமாகி விமானம் ஏறிப் போய்விட்டாள். வீடியோ நின்றபாடில்லை.

அந்த முதல் வீடியோக்களில் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். மின்விசிறி இரையும். தெருவில் போகிற வண்டியெல்லாம் வீட்டுக்குள் வந்து போகும். எல்லாவற்றையும் தாண்டிச் சமையலறையிலிருந்து டீச்சர் வருவார்.

"இப்போ இந்த வாஷரைக் கழட்டிட்டு..."

"அது வாஷர் இல்லைங்க. காலையில கேஸ்கெட்டுன்னு சொன்னீங்க."

"சரி, கேஸ்கெட்டு. கேஸ்கெட்டைக் கழட்டிட்டு..."

"ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா? பாக்குறவங்க குழம்பமாட்டாங்களா?"

"டீச்சர், இது உன் கிளாஸ் இல்ல."

"என் கிளாஸா இருந்தா இந்நேரம் உங்களை வெளிய நிக்க வெச்சிருப்பேன்."

மோட்டார்காரர் சிரித்துவிடுவார். வீடியோவும் சிரிப்போடு போய்ச் சேரும். முப்பது பேர், நாற்பது பேர் பார்ப்பார்கள். ஒருநாள் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'தகவல் நல்லா இருக்கு. ஆனா பின்னாடி ஒரு அம்மா கத்திக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் கேக்கல. சவுண்டை சரி பண்ணுங்க.'

மோட்டார்காரருக்குச் சுருக்கென்றது. காதுக்குப் பெயர்போன மனிதனிடம் சத்தம் சரியில்லை என்று ஒருவன் சொல்வதா? உடனே பதில் எழுதினார்: 'மன்னிக்கவும். அடுத்த வீடியோவில் சரிசெய்துவிடுகிறேன்.' தேநீர் குடிக்கும்போது அதை டீச்சருக்கும் படித்துக் காட்டினார்.

"ஒரு அம்மாவா?" டீச்சர் சிரித்தார். "அதுவும் கத்துறாங்களாமா? இருபத்தொன்பது வருஷம் பேசியிருக்கேன், இப்பதான் ஒருத்தன் உண்மையைச் சொல்லியிருக்கான்."

சிரித்துக்கொண்டே தேநீரைக் குடித்து முடித்து, கோப்பைகளைக் கழுவி வைத்தார். அன்றைக்குப் பிறகு, போன் மேசையில் ஏறியதும் அவர் வாய் திறப்பதில்லை. மோட்டார்காரர் இதைக் கவனிக்கவில்லை. சத்தம் தெளிவாகிவருகிறது என்று மட்டும் நினைத்தார்.

அதன்பிறகு அவருக்கு அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. போனில் இருக்கிற மைக் தூரத்தில் இருப்பதுதான் முதல் கோளாறு என்று கண்டுபிடித்தார். தனியாக ஒரு சின்ன மைக் வாங்கி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் நிறுத்தினார். மூச்சு அதில் மோதக்கூடாது. வெறும் சுவரில் பட்டுத்தான் குரல் திரும்பி வருகிறது என்று தெரிந்ததும், வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் ஆணியடித்து மாட்டினார். "குளிருக்குப் போத்திக்க சுவரைத்தான் கேக்கணும் போல" என்றார் டீச்சர். மேசைமேல் தடிமனான துண்டு விரித்தார். மின்விசிறியை நிறுத்தினார். கடைசியில் குளிர்சாதனப் பெட்டி மாட்டிக்கொண்டது. சமையலறையில் யாருக்கும் கேட்காமல் முனகிக்கொண்டிருந்த அது, மைக்கில் ஒரு லாரிபோல் கேட்டது. பதிவு செய்யும்போது அதன் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கினால் திரும்ப மாட்ட மறந்துவிடும். இரண்டு தடவை பால் கெட்டது. அதற்கும் ஒரு வழி செய்தார். பிடுங்கியதும் ஸ்கூட்டர் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவார். வேலைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜைத் திறந்துதானே ஆகவேண்டும்.

"முட்டைக்குப் பக்கத்துல ஸ்கூட்டர் சாவி இருக்கு. அதுவும் பொரிஞ்சு வரும்னு வெச்சிருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டார். பதிவு முடிந்த பிறகுதான் கேட்டார்.

எல்லாம் செய்தும் அடியில் ஒரு மெல்லிய இரைச்சல் மிஞ்சியது. கணினியில் அதை எடுக்க ஒரு வழி இருந்தது. யாரும் பேசாத அறையின் சத்தத்தைப் பத்து நொடி தனியாகப் பதிந்து கொடுத்தால், அதைப் பாடம் படித்துக்கொண்டு, மொத்தப் பதிவிலிருந்தும் அதே சத்தத்தைத் துடைத்துவிடும். அன்று முதல் ஒவ்வொரு பதிவும் ஒரே மாதிரிதான் தொடங்கும். மோட்டார்காரர் மைக்கை முடுக்குவார். டீச்சர் மேசைக்கு முன்னால் வந்து நின்று, சத்தமில்லாமல் விரல்விட்டு எண்ணுவார். பத்து ஆனதும் ஒருமுறை கைதட்டுவார். படத்தையும் ஒலியையும் பிற்பாடு பொருத்துவதற்கு அந்தக் கைதட்டல்தான் அடையாளம். தட்டிவிட்டு, செருப்பில்லாத காலோடு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கைதட்டலுக்கு முன்னால் இருக்கிற பத்து நொடியை வெட்டி, 'வெறும் சத்தம்' என்று ஒரு கோப்புறையில் போட்டுவைப்பார் மோட்டார்காரர்.

பார்ப்பவர்கள் முப்பது முந்நூறானது, மூவாயிரமானது. 'ஸ்டுடியோவில் எடுத்த மாதிரி இருக்கு சார்' என்று ஒருவர் எழுதியதைப் படித்து, அன்று முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை. அந்த வேகத்தில்தான் பழைய வீடியோக்கள் நாற்பத்து மூன்றையும் உட்கார்ந்து திரும்ப எடுத்தார். புதியவற்றை ஏற்றிவிட்டு, கிணற்றுக்குள்ளிருந்து பேசின பழையவற்றைப் போனிலிருந்தும்கூட ஒன்றுவிடாமல் அழித்தார்.

டீச்சரின் குரல் கம்மத் தொடங்கியது எப்போது என்று மோட்டார்காரருக்குத் தெரியாது. பிற்பாடு மருத்துவர் கேட்டபோது டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். "நாலு மாசமா" என்றார் டீச்சர். தலைமையாசிரியைதான் முதலில் கவனித்தாராம். சுண்ணக்கட்டித் தூள், ஓயாத பேச்சு, டீச்சர்மாருக்கு வருவதுதானே என்று வெந்நீர் குடித்தே டீச்சர் நாலு மாதம் ஓட்டியிருக்கிறார். தேய்ந்துபோன பேரிங்கை மூன்று வீடு தள்ளி நின்று கண்டுபிடிக்கிற மனிதன், அதே மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த தொண்டை அரைபடுவதைக் கேட்கவில்லை.

குரல்வளையில் கட்டி. முழுவதும் எடுத்தால்தான் ஆள் பிழைக்கும். எடுத்தால் பேச்சு வராது. கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், மூச்சு அதன் வழியாகத்தான். அடுத்த புதன்கிழமை அறுவை என்று நாள் குறித்துவிட்டார்கள்.

மகள் போனில் அழுதாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம், விமானம் ஏற முடியாது. அழுது ஓய்ந்ததும் சொன்னாள்: "அப்பா, அம்மா குரலை எடுத்து வைங்கப்பா. என் பிள்ளைக்கு அம்மா கதை சொல்ற மாதிரி. அவங்க கிளாஸ்ல சொல்லுவாங்களே, அதுல ரெண்டு மூணு. உங்ககிட்டதான் எல்லாச் சாமானும் இருக்கே."

"அதெல்லாம் நீ சொல்லணுமா கண்ணு. பிரமாதமா எடுத்துடலாம்."

அது திங்கட்கிழமை. அறுவைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. டீச்சர் அன்றே மூன்று கதைகளைத் தேர்ந்தெடுத்துக் காகிதத்தில் குறித்துவைத்தார். குரல் கரகரத்ததே தவிர, இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கம்பளிகளையெல்லாம் சரிபார்த்து, ஃப்ரிட்ஜைப் பிடுங்கி, சாவியை உள்ளே வைத்துவிட்டு மோட்டார்காரர் மைக்கை முடுக்கினார். அடுத்த மனையில் பழைய கட்டடத்தை இடிக்கத் துளைபோடும் இயந்திரம் அலறியது. கம்பளியெல்லாம் அதற்கு எந்த மூலைக்கு?

"ஏங்க, பரவால்ல. போன்லயே பேசிடறேன். இப்பவே."

"போன்லயா? டீச்சர், இது காலத்துக்கும் இருக்கப்போற விஷயம். பின்னாடி ட்ரில்லிங் சத்தத்தோட உன் பேரப்பிள்ளை கதை கேக்கணுமா?"

நேராக அடுத்த மனைக்குப் போனார். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி, தலையில் கட்டிய துணியை அவிழ்த்துத் தூசி தட்டினார்.

"ஒரு மணி நேரம் நிறுத்தறதா? சார், எனக்கு வேலை முடியணும். என் ஆளுங்க பத்தரைக்கு டீ குடிப்பாங்க. அந்தப் பத்து நிமிஷம் மெஷின் ஓடாது. அப்ப எடுத்துக்குங்க."

"பத்து நிமிஷத்துல என்ன எடுக்கிறது? சூடு பிடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுமே."

"அப்ப ஞாயித்துக்கிழமை எடுங்க. அன்னைக்கு ஒரு ஈ காக்கா இருக்காது. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பேசுங்க, யார் வேணாங்கிறா."

ஞாயிற்றுக்கிழமை. மோட்டார்காரருக்கு அதுதான் சரியாகப் பட்டது. அதற்குப் பிறகும் புதனுக்கு மூன்று நாள் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னார். டீச்சர் கதைக் காகிதத்தை மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பத்தரை மணிக்கு அடுத்த மனை அமைதியானது. அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில் ஒன்றில் அவர் கம்பளியை இன்னும் இறுக்கமாக மாட்டினார். ஒன்றில் கதையை எங்கே உட்கார்ந்து சொன்னால் எதிரொலி குறையும் என்று டீச்சரை இடம்மாற்றி இடம்மாற்றி உட்காரவைத்துப் பார்த்தார். டீச்சர் சொன்னார், "சும்மா ஒரு கதை இப்ப சொல்லிப் பாக்கட்டுமா?" "தொண்டையை வீணாக்காத. ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கோ" என்றார் அவர்.

சனிக்கிழமை மத்தியானம் டீச்சருக்கு மூச்சு அடைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் தொண்டையிலிருந்து விசில்போல ஒரு சத்தம் வந்தது. மோட்டார்காரர் ஸ்கூட்டர் சாவியைத் தேடி ஃப்ரிட்ஜைத் திறந்தார். அங்கே இல்லை. அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. ஸ்கூட்டரில் எப்படிக் கொண்டுபோவது என்று அப்புறம்தான் உறைத்தது. கீழ்வீட்டுக்காரர் கார் எடுத்தார். மருத்துவமனைக்குப் போனதும் கழுத்தில் துளை போட்டுவிட்டார்கள். அறுவையும் அதோடு தொடர்ந்து நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த மனையில் ஒரு ஈ காக்கா இல்லையென்று கீழ்வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார்.

டீச்சர் பிழைத்தார். பள்ளிக்கூடத்தில் விடைகொடுத்தபோது பிள்ளைகள் எழுதிப் பழகுகிற சின்ன வெள்ளைப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில்தான் பேச்சு. எழுதும்போது டீச்சருக்குப் பேசுகிற தமிழ் வரவில்லை. முற்றுப்புள்ளி வைத்து, பாடப்புத்தகம்போல எழுதினார். 'தேநீரில் சர்க்கரை அதிகம்.' 'உங்கள் சட்டையில் பொத்தான் இல்லை.' கழுத்தில் வைத்தால் குரல் கொடுக்கிற கருவி ஒன்றை மருத்துவமனையில் தந்தார்கள். டீச்சர் ஒருமுறை வைத்துப் பார்த்தார். தட்டையான ஒரு ரீங்காரம் வந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பலகையை எடுத்தார். 'உங்கள் மோட்டார் பேசுவதுபோல் இருக்கிறது. பேரிங் போய்விட்டது.' மோட்டார்காரர் சிரிக்க முயன்று, எழுந்து பால்கனிக்குப் போனார்.

பேத்தி பிறந்து மூன்று மாதம் ஆனபோது மகள் கேட்டாள்.

"அப்பா, கதை போகட்டும். உங்க வீடியோ முந்நூறுக்கு மேல இருக்குமே. எதுலயாவது பின்னாடி அம்மா பேசியிருப்பாங்கப்பா. ரெண்டு வார்த்தை கிடைச்சாக்கூடப் போதும்."

"தேடறேன்மா" என்றார்.

தேட இடம் அதிகமில்லை. டீச்சர் போனில் குரல் செய்தி அனுப்பினதே கிடையாது. அது சோம்பேறிகள் வேலை என்று எழுத்துப்பிழையில்லாமல் முழு வாக்கியம் எழுதி அனுப்புகிறவர். மகளின் கல்யாண வீடியோவில் முதலிலிருந்து முடிவுவரை பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். டீச்சர் அதில் வாயசைத்துக்கொண்டே இருந்தார். முந்நூற்றுச் சொச்சம் வீடியோவில் மோட்டார்காரரின் குரல் மட்டும் பளிங்குபோல் கேட்டது. பின்னால் யாருமே இல்லை. அவ்வளவு சுத்தம்.

கடைசியில் மிஞ்சியது 'வெறும் சத்தம்' கோப்புறை. பத்துப் பத்து நொடியாக இருநூற்று எழுபது துண்டு. ஒரு வாரம், தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பேசாதே என்று சொன்னால் டீச்சர் அத்தனை ஒழுங்காகப் பேசாமல் இருந்திருக்கிறார். ஒரு முனகல் இல்லை, ஒரு தொண்டைச் செருமல் இல்லை. ஒலியை முழுக்கக் கூட்டினால் மூக்கு வழியாக வருகிற மூச்சு மட்டும் கேட்டது. டீச்சர் இப்போது மூக்கால் மூச்சு விடுவதில்லை.

ஆறாம் நாள் ஒரு துண்டு பதினேழு நொடி இருந்தது. 'கெட்டது' என்று பெயர் வைத்திருந்தார். அன்று ஃப்ரிட்ஜைப் பிடுங்க மறந்துவிட்டார். பதிவு பாழாகி மறுபடி எடுத்ததால் இதை வெட்டவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அடியில் லாரிபோல் ஃப்ரிட்ஜ். எட்டாவது நொடியில் டீச்சர்.

"ஏங்க, ஃப்ரிட்ஜ் ஓடுதே. உங்க காதுல விழலையா?"

"ஷ்... பேசாத, பேசாத."

"சரி சரி, நான் பேசல."

அப்புறம் ஒரு கைதட்டல்.

மோட்டார்காரர் அதையே திரும்ப ஓடவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் வந்து ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டார். மூன்று தடவை கேட்டார். பிறகு பலகையை எடுத்தார்.

'என் குரல் இவ்வளவு நன்றாகவா இருந்தது?'

மோட்டார்காரர் அதைப் படித்தார். கணினிப் பக்கம் திரும்பி, 'ஷ்... பேசாத' என்ற இடத்தைக் குறித்தார். வெட்டி எடுக்க ஒரு நொடி போதும். முந்நூறு தடவை செய்த வேலை. டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இடது கையால் கோணல்மாணலாக எழுதினார்.

'அதையும் விடுங்கள். நான் யாரிடம் பேசுகிறேன் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும்.'

வெட்டாமல், ஃப்ரிட்ஜ் இரைச்சலையும் துடைக்காமல், பதினேழு நொடியையும் அப்படியே அனுப்பினார். மகளிடமிருந்து ஒரு வரி வந்தது. "அப்பா, ஃப்ரிட்ஜ் ஓடுதுதான்."

அடுத்த வாரம் ஒரு வீடியோ எடுத்தார். மின்விசிறி ஓடியது. சமையலறைக் கதவு திறந்திருந்தது. பாதியில், "இந்த வாஷரைக் கழட்டிட்டு" என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். உள்ளேயிருந்து பாத்திரத்தில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டும் சத்தம் வந்தது.

"சரி, கேஸ்கெட்டு" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒருவர் எழுதியிருந்தார்: 'சார், முன்ன மாதிரி சவுண்டு இல்ல. பின்னாடி யாரோ தட்டுறாங்க, டிஸ்டர்பா இருக்கு.'

மோட்டார்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். 'மன்னிக்கவும்' என்று விரல் பழக்கத்தில் அடித்ததை அழித்தார். 'அது என் மனைவி. பேசிக்கொண்டிருக்கிறாள்' என்று எழுதி அனுப்பினார். ஆறு வருடத்துக்கு முன்னால், தேநீர் ஆறுவதற்குள் எழுதியிருக்க வேண்டிய பதில் அது.